அம்மாவிடம் சாவி இல்லை

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. மன்னார்குடி பக்கம் கிராமம். கடந்த மாசியில் அப்பா தவறிவிட்டார். தனியாக விட மனமில்லாமல், கருமாதி முடிந்த நான்காம் நாளே அம்மாவைச் சென்னைக்கு எங்கள் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். கறவை மாடு இரண்டையும் விற்றாயிற்று. இங்கே தனி அறை, ஏசி, டிவி எல்லாம் உண்டு. ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ராணி மாதிரி வைத்திருக்கிறோம். அப்படியும் எட்டு மாதத்தில் பிபி 130-லிருந்து 160-க்குப் போய்விட்டது. மூன்று மாத சராசரி சர்க்கரை 6.8 இருந்தது, இப்போது 8.4. மாத்திரையை இரண்டு முறை கூட்டியும் பலனில்லை. ராத்திரி தூங்குவதில்லை. மறதியும் வந்துவிட்டது. ஒருநாள் மொட்டைமாடியில் வடகம் காயவைக்கப் போனவர், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பதை மறந்துவிட்டார். அவரிடம் சாவி இல்லாததால் நாங்கள் வரும்வரை மூன்று மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மனநல மருத்துவரிடம் காட்டலாமா?
- மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: மருத்துவர் இருக்கட்டும் தம்பி, அவரிடம் பிறகு வருவோம். முதலில் அந்தப் படிக்கட்டு.

அம்மாவின் மறதிக்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. எட்டு மாதமாக ஒரு வீட்டில் குடியிருக்கும் மனுஷியிடம் அந்த வீட்டுச் சாவி இல்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இதற்கு மேல் நான் எழுதப்போவதைப் படிக்கும்போது உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

'தொலைத்துவிடுவார்' என்பீர்கள். இரண்டு மாடு வைத்திருந்தவர் அவர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, கணக்கு நோட்டில் லிட்டரைச் சரிபார்த்து, பால் பணத்தைச் சுருக்குப் பையில் முடிந்து வைத்தவர். அந்தப் பணத்தில் உங்கள் செமஸ்டர் ஃபீஸும் கொஞ்சம் இருந்திருக்கும். அவரிடம் சாவி நிலைக்காதா? இப்போது அந்தச் சுருக்குப் பையில் என்ன இருக்கிறது, எப்போதாவது பார்த்தீர்களா? மாடு விற்ற பணம் யார் கணக்கில் விழுந்தது?

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்று இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐ வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் சேரும் மதிப்பெண் ஏற ஏற, உடம்பு படுத்துக்கொள்ளும் வாய்ப்பும் ஏறும் என்பது அவர்கள் கணக்கு. முதலிடம் வாழ்க்கைத் துணையின் சாவுக்கு, முழுசாக 100. இடம் மாறுவதற்கு, தூக்கம் மாறுவதற்கு, சாப்பாடு மாறுவதற்கு எல்லாம் தனித்தனியே உண்டு. கல்யாணத்துக்கே 50. ஏனென்றால் மாற்றம் நல்லதா கெட்டதா என்று உடம்பு பார்ப்பதில்லை. உங்கள் ஏசி அறையும் கணக்கில் சேரும். (மாடு விற்றதற்கு அவர்கள் மதிப்பெண் போடவில்லை. மன்னார்குடியில் கேட்டிருந்தால் போட்டிருப்பார்கள்.)

சாதாரணமாகப் பத்து வருஷத்தில் ஒருத்திக்கு வரக்கூடிய மாற்றங்களை இருபது நாளில் அம்மாவின் தலையில் இறக்கிவிட்டீர்கள். புருஷன் போன துக்கத்தை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரிடம் அழுது தீர்க்கக்கூட விடவில்லை. மனம் இப்படி ஓயாமல் நெருக்கடியில் இருந்தால் கார்டிசால், அட்ரினலின் என்ற நெருக்கடி ஹார்மோன்கள் இறங்காது. அவை கல்லீரலிடமிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும், பிபியை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் முந்தைய இரண்டும் இன்னும் ஏறும். மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எப்படிப் போதும்?

இதில் 'ராணி மாதிரி' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். மகன்கள் எழுதும் கடிதங்களில் எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது இந்த இரண்டு வார்த்தைகள்தான். எந்த ராணி தன் அரண்மனைக் கதவுக்கு வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்? ஒரு வேலையும் செய்ய விடாத வீட்டில் உங்கள் அம்மா எப்படியோ மாவு கிளறி, மாடிவரை தூக்கிக்கொண்டு போய் வடகம் போட்டிருக்கிறார். அந்த வடகம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை உங்களுக்கு.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு மாடிக்காரர்களிடம் செடித்தொட்டியைக் கொடுத்து, 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் விஷயங்களை நீங்களே முடிவு செய்யுங்கள்' என்றார்கள். இன்னொரு மாடியில் அதே செடி, ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்ஸ். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். உங்கள் வீடு இரண்டாவது மாடி.

பெற்றவர்களை வைத்துப் பார்க்காத பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் நான் பலமுறை வெளுத்திருக்கிறேன். பிள்ளை வீட்டில்தான் தாய் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள்தான் நான். ஆனால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் ஜீவனாம்சம் என்று கேட்பது சோறு, துணி, இருப்பிடம், வைத்தியம். இவ்வளவையும் கொடுத்துவிட்டீர்கள், சட்டத்துக்குப் பதில் சொல்லியாயிற்று. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்போது மருத்துவர். மாத்திரை எதையும் நிறுத்தாதீர்கள். நெஞ்சில் பாரம், மூச்சுவாங்கல் என்றால் அன்றைக்கே ஓடுங்கள். மறதிக்கு முதலில் வைட்டமின் பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவதுண்டு. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொருளை வைத்த இடம் மறப்பதும் சகஜம். மனநல மருத்துவரிடமும் தாராளமாகக் காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவை அறைக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்ப் பேசாதீர்கள்.

நாளைக்கே சாவி ஒன்று போட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது 'தொலைச்சிடாதம்மா' என்று வாயைத் திறக்க வேண்டாம். காய்கறி, பால் கணக்கை அவர் கையில் விடுங்கள். உங்கள் மனைவிக்குச் சங்கடம் இருந்தால் அதை நீங்கள் பேசித் தீருங்கள், அம்மா காதுக்கு வரவேண்டாம்.

மாசியில் தலைத்திவசம் வருகிறது. பதினைந்து நாள் முன்னதாகவே அம்மாவை ஊரில் கொண்டுபோய் விடுங்கள். வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, தெருவில் நாலு பேரைப் பார்க்கட்டும். திவசம் முடிந்ததும், சென்னைக்கு வருகிறாரா, அங்கேயே இருக்கிறாரா என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். காரை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.