கேளுங்கள் இசை: க்ளெஸ்மரும் காஸ்பலும்

கேள்வி: க்ளெஸ்மரையும் காஸ்பலையும் கலந்து மேடையிலேயே பதிவு செய்த ஆல்பம் ஒன்று உண்டாமே? யூதக் கல்யாண இசைக்கும் கறுப்பினத் தேவாலயப் பாட்டுக்கும் என்ன ஒட்டு?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 'பிரதர் மோசஸ் ஸ்மோட் தி வாட்டர்' ஆல்பத்தைச் சொல்கிறீர்கள் என நினைக்கிறேன். 1986-இல் நியூயார்க்கில் தொடங்கிய க்ளெஸ்மாட்டிக்ஸ் குழு 2004-இல் பெர்லினில் வாசித்தது, 2005-இல் வெளிவந்தது. உடன் பாடியவர் ஜோஷுவா நெல்சன். அவர் கறுப்பின யூதர், பாடும் பாணி காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் வழி. ஹாம்மண்ட் ஆர்கன் என்ற மின் ஆர்கனை வாசித்தவர் கேத்ரின் ஃபார்மர்.

ஒட்டு, பாட்டுத் தேர்வில் இருக்கிறது. பெரும்பாலும் பழைய ஏற்பாடுதான்: மோசே, எலியா, நோவாவின் மழை. 'கோ டவுன் மோசஸ்' பாடிய அடிமைகளுக்குப் பார்வோன் என்றால் தோட்ட முதலாளி. அதே எகிப்து விடுதலையை யூதர்கள் ஆண்டுதோறும் பஸ்கா விருந்தில் நினைவுகூர்கிறார்கள். அந்த விருந்தின் முடிவில் பாடும் 'கி லோய் நூஏ'யும் இந்த ஆல்பத்தில் இருக்கிறது. கதை ஒன்றாக இருப்பதால், இரண்டு இசையும் ஒன்றுக்கொன்று விருந்தாளியாக நிற்கவில்லை.

கேள்வி: க்ளெஸ்மர் கேட்டால் நம் ராகம் மாதிரியே இருக்கிறதே, அது என்ன?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவர்கள் 'ஃப்ரைகிஷ்' என்று சொல்லும் ஸ்வர வரிசை நம் 14-வது மேளம் (மேளகர்த்தா, அதாவது தாய் ராகம்) வகுளாபரணம்: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். மாயாமாளவகௌளை என்று அவசரப்பட வேண்டாம், நிஷாதம் மாறும். 'மி ஷெபெராக்' என்ற அவர்களின் இன்னொரு வரிசை 58-வது மேளம் ஹேமவதியின் ஸ்வரங்கள். ஸ்வரம்தான் ஒன்று, ராகம் ஒன்றல்ல. கர்நாடகம் படித்தவர்கள் இதைப் பாடும்போது ரிஷபத்தை அசைத்துவிடுகிறார்கள். க்ளெஸ்மரின் சாயல் உடனே போய்விடும். அங்கே ஸ்வரம் நேராக நிற்கும். அதன் முடிவில் மேல் ஸ்வரத்தை ஒரு கணம் தொட்டு, தொண்டையை அடைத்து அறுக்க வேண்டும். இதற்கு 'க்ரெக்ட்ஸ்' என்று பெயர், விம்மல் மாதிரி. ஸ்வரத்தை அசைக்கும் நம் கம்பிதம் இல்லை.

கேள்வி: எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டும் டிரம்ஸும் உண்டு. ஒரு காஸ்பல் பாட்டை க்ளெஸ்மர் சாயலில் செய்து பார்த்தோம். எங்கோ உரசுகிறது. எங்கே தவறு?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பெரும்பாலும் கீபோர்டுக்காரரின் இடது கையில். டி (D) ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து ஃப்ரைகிஷ் பாடுகிறீர்கள் என்று வையுங்கள். காஸ்பல் பழக்கத்தில் அவர் ஏ செவன்த் (A7) கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு, பிடித்து டி-க்குத் திரும்புவார். அந்தக் கார்டில் சி-ஷார்ப்பும் இ-யும் இருக்கின்றன. பாடுகிறவர் வாயிலோ சி-யும் இ-ஃபிளாட்டும். உரசாமல் என்ன செய்யும்? ஏ செவன்த்தை மறந்துவிட்டு சி மைனரிலிருந்து டி மேஜருக்கு வரச் சொல்லுங்கள். நடுவில் ஜி மைனர் போதும்.

அடுத்தது தாளம். க்ளெஸ்மரின் 'புல்கர்' நடை எட்டு அட்சரத்தை 3+3+2 என்று பிரிக்கும். அடி விழுவது 1, 4, 7-இல். காஸ்பல் கைத்தட்டு 3, 7-இல். இரண்டும் சந்திப்பது ஏழில் மட்டும். முதலில் ஆர்கன் இல்லாமல், பாதிக் குழு புல்கரையும் மீதிப் பேர் கைத்தட்டையும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பழகுங்கள். ஏழாம் அட்சரத்தில் இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி, இல்லாவிட்டால் வேகம் கூட்டாதீர்கள். டிரம்ஸ்காரர் காஸ்பல் ஞாபகத்தில் திஸ்ரத்துக்கு (மூன்று மூன்றாகப் பிரியும் நடைக்கு) ஊசலாடினால் புல்கர் சரிந்துவிடும். அட்சரங்கள் சம இடைவெளியில் இருக்கட்டும்.

ஆர்கன் ஒலிக்கு, கீபோர்டில் டிராபார் (ஒலியின் தன்மையை மாற்ற இழுக்கும் ஒன்பது பிடிகள்) இருந்தால் இடது ஓரத்து மூன்றை மட்டும் முழுக்க இழுத்து, மற்ற ஆறையும் மூடுங்கள். முழுக்க ஒன்பதையும் இழுப்பது உச்சக்கட்டத்துக்கு. சுழலும் ஒலிபெருக்கி விளைவை நம்மவர்கள் முதல் வரியிலிருந்து வேகத்திலேயே ஓட விடுகிறார்கள். அது மெதுவில் கிடக்கட்டும். பல்லவி திரும்பும்போது வேகத்துக்குத் தட்டுங்கள். அந்த மாற்றம்தான் காதில் ஏறும்.

கேள்வி: எங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்தோம். கூட்டத்தின் மைக்கைச் சேர்த்தால் டிரம்ஸ் இரண்டு முறை கேட்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுக்கும். கூட்டத்து மைக் மேடையிலிருந்து 12 மீட்டரில் இருந்தால் டிரம்ஸ் அதில் 35 மில்லிசெகண்ட் பிந்தி விழும். அந்த டிராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்துங்கள். ஒரு ஸ்னேர் டிரம் அடியின் அலைவடிவ உச்சியை இரண்டு டிராக்கிலும் பார்த்து ஒப்பிட்டால் எளிது. பாட்டு ஓடும்போது அந்த டிராக்கின் ஒலியைத் தாழ்த்தி, கைத்தட்டலுக்கு மட்டும் ஏற்றுங்கள்.