நேற்று தேக்கா போயிருந்தேன்

கேள்வி: 'நேற்று தேக்கா போயிருந்தேன்' என்பதை 'ஐ ஹேட் கான் டு தேக்கா யெஸ்டர்டே' என்று எழுதினேன். தொடக்கநிலை 5 படிக்கும் மகள் தப்பு என்கிறாள். ஏன் அக்கா?
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: மகள் சொல்வது சரிதான்மா. தமிழில் போய் வந்ததைச் சொல்லவும் 'போயிருந்தேன்' என்போம். ஆங்கிலத்தில் 'ஹேட் கான்' வந்தால், அதற்குப் பிறகு நடந்த இன்னொன்று வேண்டும். 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டாப், தி பஸ் ஹேட் லெஃப்ட்.' நீங்கள் ஓடி வந்து சேர்வதற்குள் பஸ் போய்விட்டது, பாருங்கள், இரண்டு சம்பவம். நேற்று தேக்கா போனதற்கு 'ஐ வென்ட்' போதும்.

'ஹேவ்' போட்டாலும் 'யெஸ்டர்டே' ஒட்டாது. 'ஹேவ்' வந்தால் இன்றோடு தொடர்பு வேண்டும். என்னிடம் படித்த தம்பி ஒருவர், வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலைக்கு நேர்காணல் போனார். 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' என்றதும், "ஏன் விலகினீர்கள்?" என்று கேட்டார்களாம். பாவம், திகைத்துப் போனார். 'ஐ ஹேவ் வொர்க்ட்' என்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அப்புறம், காப்பிக் கடையில் நம் சிங்கப்பூர்ப் பேச்சுவழக்கில் 'ஈட் ஆல்ரெடி' என்று தாராளமாகச் சொல்லுங்கள். மகளின் கட்டுரையில் மட்டும் 'ஐ ஹேவ் ஈட்டன்' இருக்கட்டும்.