இந்திய நீதிமன்றங்களின் தாமதத்தை அரசியலமைப்புத் திருத்தத்தால் தீர்க்க முடியுமா?

முடியும், ஆனால் இதுவரை பெரிதாகப் பேசப்பட்ட திருத்தத்தால் அன்று.

இப்பேச்சு எழுந்தாலே எல்லாரும் 99-ஆவது திருத்தத்தைத்தான் சொல்வார்கள். உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் என்ற மூத்த நீதிபதிகள் குழுவுக்கு மாற்றாக, தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், சான்றோர் இருவர் என ஆறு பேர் கொண்ட ஆணையத்துக்கு 2014-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. நீதித்துறையின் சுதந்திரத்தை அது குலைக்கும் என்று 2015 அக்டோபரில் ஐவரில் நால்வர் அதைச் செல்லாததாக்கினர். நீதிபதி செலமேஸ்வர் மட்டும் மாறுபட்டார். என் மனம் அவர் பக்கமே சாய்கிறது என்பதால், கொலீஜியத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கருத வேண்டா. அந்த ஆணையம் நிலைத்திருந்தாலும் எங்கள் வழக்கு ஒரு நாள்கூட முன்னதாக நகர்ந்திருக்காது.

என் தந்தை சார்பு நீதிமன்றத்தில் தொடுத்த பாகப்பிரிவினை வழக்கு அது. சாட்சி விசாரணையும் இரு தரப்பு வாதங்களும் முடிந்து, தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்ட நிலையில் நீதிபதி மாற்றலாகிப் போனார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. கூடுதல் பொறுப்பேற்ற வேறொரு நீதிபதியால் அவசர மனுக்களை மட்டுமே கவனிக்க முடிந்தது. மற்றக் கட்டுகளுக்கெல்லாம் வாய்தா. அந்தக் காத்திருப்பிலேயே தந்தை காலமானார். வாரிசுகளாக எங்களைச் சேர்க்க ஒரு மனு, அதற்கு எதிர்த்தரப்பின் ஆட்சேபம், அதற்கும் வாய்தா. புதிய நீதிபதி வந்தபின் வாதங்களை அவர் முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. இப்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதனிலைத் தீர்ப்பாணையைப் பெற்று, சொத்தைப் பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்காக நடந்துகொண்டிருக்கிறோம்.

வழக்கறிஞர்களே இழுத்தடிக்கிறார்கள் என்று சிலர் மறுக்கக்கூடும். அதுவும் உண்டு. ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு தரலாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த விதியைச் செயல்படுத்த இருக்கையில் ஒரு நீதிபதி வேண்டுமே.

1976-இல் 42-ஆவது திருத்தம், நாடு முழுதுக்கும் பொதுவான நீதிபதிகள் பணியான அகில இந்திய நீதித்துறைப் பணிக்கு 312-ஆவது பிரிவில் இடம் தந்தும் அப்பணி இன்றுவரை தொடங்கப்படவில்லை. தொடங்கினாலும், மாவட்ட நீதிபதிக்குக் கீழ்ப்பட்ட பதவிகளை அதில் சேர்க்க அப்பிரிவே தடை விதிக்கிறது. எங்கள் வழக்கு கிடந்ததோ அந்தக் கீழ்ப்பட்ட பதவியில்தான். கீழமை நீதிமன்றக் காலியிடங்களை நிரப்ப 2007-இல் மாலிக் மஸ்ஹர் சுல்தான் வழக்கில் உச்ச நீதிமன்றமே கால அட்டவணை வகுத்துக் கொடுத்தது. அதன் பிறகும் இடங்கள் காலியாகின்றன, காலியாகவே கிடக்கின்றன.

ஆகவே திருத்துவதானால், மாவட்ட நீதிபதிகளையும் அவர்களுக்குக் கீழுள்ளவர்களையும் நியமிக்கும் 233, 234-ஆவது பிரிவுகளைத் திருத்தி, காலியிடத்தை நிரப்பியே தீர வேண்டிய கால வரம்பை அங்கே எழுதட்டும். உயர் நீதிமன்றங்களைப் பற்றிய அத்தியாயத்தைத் திருத்தப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். கீழமை நீதிமன்றங்களின் அத்தியாயத்துக்கு, திருத்தும் முறையைச் சொல்லும் 368-ஆவது பிரிவு அந்த நிபந்தனையை விதிக்கவில்லை, நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையே போதும்.