ஒரே தட்டில் சாப்பிடத் தயங்க வேண்டாம், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வாஷிங்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் எத்தியோப்பிய நண்பர் பக்கத்து ஊரான சில்வர் ஸ்பிரிங்கில் ஓர் எத்தியோப்பிய உணவகத்தில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். நீங்களோ சுத்த சைவம். போதாததற்கு எல்லோரும் ஒரே தட்டில் கை வைப்பார்களாமே, எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். சைவக்காரர் நிம்மதியாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் சொல்வது கஷ்டம்.

காரணம் அவர்களுடைய விரதம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் பெருவிரதம் வேறு. அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொட மாட்டார்கள். அதனால் சைவக் குழம்புகள் அவர்கள் வீட்டிலேயே செய்து செய்து கை பழகியவை. விரதத் தட்டு என்று கேளுங்கள். அவர்கள் மொழியில் 'யெட்சோம் பெயாய்நெத்து'. இன்ஜெரா என்ற அகலமான புளித்த மாவு அப்பத்தின் மேல் குழம்புகள் சுற்றிலும் குவியல் குவியலாக வரும். சிவப்பாக இருப்பது மிசிர் வொட், மைசூர்ப் பருப்பு. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, முதலில் எண்ணெய் இல்லாமலே நெடுநேரம் வதக்கி, பிறகுதான் எண்ணெயும் பெர்பெரே என்ற மிளகாய் மசாலாவும் சேர்ப்பார்கள். அந்த வதக்கலில்தான் குழம்பின் ருசியே இருக்கிறது. மஞ்சளாக, காரமில்லாமல் இருப்பது கிக் அலிச்சா, பட்டாணிப் பருப்பு. கீரை, கோஸ்-கேரட்-உருளைக்கிழங்கு எல்லாம் கூடவே இருக்கும். கொண்டைக்கடலை மாவில் செய்யும் ஷிரோவைத் தனியாக வாங்குங்கள். சில கடைகளில் மண்சட்டியோடு, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். மற்றவர்கள் கோழிக் குழம்போ, கிட்ஃபோ என்ற பச்சை மாட்டிறைச்சியோ சொன்னால் அதுவும் அதே இன்ஜெராவின் மேல்தான் வரும். சாறு ஓடிவந்து உங்கள் பக்கம் சேரும். சைவத்தைத் தனித் தட்டில் வைக்கச் சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில கடைகளில் விரத மெனுவிலேயே மீன் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜெராவைத் தோசை என்று நினைத்துப் போகாதீர்கள். டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. மேலே முழுக்கக் கண் கண்ணாக இருக்கும், தொட்டால் ஜில்லென்று மெத்தென்று இருக்கும். புளிப்பு முதலில் தூக்கலாகத் தெரியும். காரக் குழம்போடு சேர்ந்தால் சரியாகிவிடும். இங்கே பல கடைகளில் கோதுமையும் கலக்கிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முழு டெஃப் இன்ஜெரா முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இனி, எச்சில். உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அங்கே நடப்பதை உட்கார்ந்து பாருங்கள். எல்லோரும் கை கழுவிவிட்டுத்தான் வருவார்கள். பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கும் இன்ஜெராவில் ஒரு துண்டு கிழித்து, வலது கையால் குழம்பை அதற்குள் கிள்ளி எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். குழம்பில் படுவது இன்ஜெராதான். நாம் சோற்றைப் பிசைவதுபோல் யாரும் பிசைவதில்லை, விரலை நக்குவதும் இல்லை. அவரவர் முன்னால் இருப்பதை எடுப்பதுதான் மரியாதை.

நண்பர் தன் கையால் ஒரு கவளம் சுற்றி உங்கள் வாயருகே நீட்டலாம். அதற்கு குர்ஷா என்று பெயர். அன்புக்குரியவர்களுக்குத்தான் அப்படி ஊட்டுவார்கள். தட்டில் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டாதீர்கள், வாயைத் திறந்து வாங்குங்கள். அது சைவமா என்ற கவலையே வராமலிருக்கத்தான் நீங்கள் சைவம் என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடச் சொல்கிறேன்.

காபிக்கும் நேரம் ஒதுக்குங்கள். சில இடங்களில் பச்சைக் கொட்டையை அங்கேயே வறுத்து, புகையோடு சட்டியை மேசைக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். கையால் அந்தப் புகையை முகத்தை நோக்கி வீசி முகர வேண்டும். பிறகு ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவது முறை. முதல் சுற்றோடு எழுந்துவிடாதீர்கள். இதற்கே ஒரு மணி நேரம் ஆகலாம். வேண்டுமென்றால் சாப்பாடு சொல்லும்போதே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு ராத்திரி வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.