எல்லாம் எமுலேட்டரில் (பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓடும்போது, பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை எதற்கு வீட்டில் சேர்த்து வைக்கிறீர்கள்?

இதே கேள்வியை என் மனைவி இன்னும் சுருக்கமாகக் கேட்பார்: "இதையெல்லாம் எப்பத் தூக்கிப் போடப் போறீங்க?" அவருக்கு இதுவரை ஒழுங்கான பதில் சொன்னதில்லை. இங்கே முயற்சி செய்கிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். கேம் ஆடுவதற்கோ, சின்ன வயதில் பார்த்த திரையை இன்னொரு தடவை பார்ப்பதற்கோ பெட்டி தேவையில்லை. என்னிடம் இருப்பது பிபிசி மைக்ரோ என்ற எண்பதுகளின் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் ஒன்று. அதற்கு எமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஓர் ஆட்டம் ஆடத் தோன்றினால் நானும் அதைத்தான் திறக்கிறேன். பரணிலிருந்து பெட்டியை இறக்குவதில்லை.

ஆனால் "எல்லாம்" ஓடுகிறது என்கிறீர்களே, அந்த ஒரு சொல்லில்தான் எனக்குத் தகராறு.

1987இல் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் ஓர் அறைக்குத் திடீரென்று வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தலைமையாசிரியர் அறைக்கே செருப்போடு போய்வந்த பள்ளி அது. உள்ளே துணி போர்த்திய இரண்டு பெட்டிகள். பயிற்சிக்குப் போய்வந்த இயற்பியல் சார் துணியை விலக்கி சுவிட்சைப் போட்டதும், தாழ்ந்த குரலில் ஒன்றும் உயர்ந்த குரலில் ஒன்றுமாக "பூ... பீப்" என்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கீபோர்டின் மேல் வரிசையில் செக்கச்செவேலென்று பத்துச் சாவிகள். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு பெட்டிக்கு ஏழெட்டுப் பேர். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

அந்தப் பெட்டி எங்கள் ஊர்வரை வந்த கதை ரொம்ப காலம் கழித்துத்தான் தெரிந்தது. பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க பிபிசி ஒரு தொலைக்காட்சித் தொடர் திட்டமிட்டு, அதோடு சேர்த்து ஒரு கணினியையும் தேடியது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சின்ன நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் இன்னும் சிலரும் ஒரே வாரத்தில் மாதிரி ஒன்றைக் கட்டி ஓடவைத்துக் காட்டினார்கள். 1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோ வெளிவந்தது. 6502 பிராசசர், 2 மெகாஹெர்ட்ஸ், மாடல் பி என்றால் 32 கேபி நினைவகம். மொத்தமே 12,000 விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். கடைசியில் விற்றது சுமார் 15 லட்சம். இந்திய அரசு 1984-85இல் 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது இதையே தேர்ந்தெடுத்தது. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் வாங்கி 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயும் தயாரித்தது.

கொசுறாக ஒன்று: அதே வில்சனும் ஃபர்பரும் அடுத்து வடிவமைத்ததுதான் ஏ.ஆர்.எம். பிராசசர். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தபோது பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் சோதித்தார்கள். இதை நீங்கள் செல்போனில் படிக்கிறீர்கள் என்றால், அனேகமாக அந்த வம்சத்துச் சிப்பில்தான் படிக்கிறீர்கள்.

என் பெட்டி கிடைத்தது காயலாங்கடையில். பழைய யுபிஎஸ் ஒன்றுக்காகப் போன இடத்தில், டைப்ரைட்டர்களுக்கு அடியில் அந்தச் சிவப்புச் சாவிகள் தெரிந்தன. கூடவே ஒரு ஃபிளாப்பி டிரைவ், ஒரு டப்பா நிறைய ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள். கடைக்காரர் தராசில் வைத்தபடியே சொன்னார்: "கீபோர்டு மட்டும்தான் சார் இருக்கு. சிபியு-வை யாரோ எடுத்துட்டாங்க போல. எடைக்கே போட்டுக்கலாம்." இந்த மாடலில் கீபோர்டுக்குள்தான் முழுக் கம்ப்யூட்டரும் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்ததும் யாருமே செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். "பூ" என்றது. "பீப்" வரவில்லை. "பூ" மட்டும் நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது. என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம், பின்பக்கத்திலிருந்து புகை, வீடு முழுக்க மீன் தீய்ந்தது போல ஒரு நாற்றம். என் மனைவி மேலே சொன்ன கேள்வியை முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

பவர் சப்ளைக்குள் கரன்ட் நுழையும் இடத்தில், தேன் நிறத்தில் பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி ஒரு கண்டென்சர் இருக்கும். உள்ளே காகிதம் சுற்றியிருப்பார்கள். முப்பது வருஷத்தில் வெளிக்கூடு நுணுக்கமாக வெடித்து, அந்தக் காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு கரன்ட் கொடுத்தால் புகைதான். அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் இதே வகைக் கண்டென்சர் உண்டு. மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் வெடிப்பு கண்ணுக்கே தெரிந்திருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று கிடைக்கிறது, பெரிய விலையில்லை. ஆகவே புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எத்தனை ஆசையாக இருந்தாலும் முதல் நாள் சுவிட்சைப் போடாதீர்கள். திறந்து பாருங்கள். கண்டென்சரைப் பாருங்கள். 386, 486 பிராசசர் வைத்த பழைய கம்ப்யூட்டர் போர்டு என்றால் அதில் பீப்பாய் வடிவில் ஒரு சார்ஜ் ஏறும் பேட்டரி இருக்கும். அது கசிந்து செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்திருக்கும். முதலில் அதை வெட்டி எடுத்துவிட்டு, இடத்தை வினிகரால் துடையுங்கள், கசிந்தது காரம் என்பதால். பிக்சர் டியூப் மானிட்டர் என்றால் மூடியைத் தொடவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதற்குப் பழைய டிவி மெக்கானிக் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டென்சரை மாற்றியும் "பூ" நிற்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு மனிதர்கள் கிடைத்தார்கள். இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களுக்கு இந்தப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவர், நான் இணையத்தில் எழுதிய அரைகுறை விவரத்துக்கு அன்றிரவே பதில் போட்டார். ஒரே ஊதலாக ஊதினால் பிராசசர் தன் வேலையைத் தொடங்கவே இல்லை என்று அர்த்தமாம். எதையும் மாற்றாதே, சாக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து, மறுபடி அழுத்திச் சொருகு என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. கடல் காற்று அடிக்கும் ஊரில் சிப்பின் கால்கள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பழைய பல் துலக்கும் பிரஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்துக்கொண்டு துடைத்தேன். சாயங்காலம் "பூ... பீப்".

மெமரி சிப்பில் இரண்டு செத்திருந்தன. இந்த மாடலில் மொத்தம் பதினாறு, இப்போது புதிதாகக் கிடைக்காத ரகம். பெங்களூரில் ஒருவர் ஓடாத போர்டு ஒன்றிலிருந்து கழற்றி, அலுமினியத் தாளில் சுற்றி, தீப்பெட்டிக்குள் வைத்து கூரியரில் அனுப்பினார். காசு வேண்டாம், உங்களிடம் ஏதாவது மிஞ்சினால் அடுத்தவருக்குக் கொடுங்கள் என்றார்.

இந்தப் பொழுதுபோக்கு நடப்பதே இப்படித்தான். சர்க்யூட் வரைபடத்தை ஒருவர் ஸ்கேன் செய்து போடுவார். ஃபிளாப்பி டிரைவ் கெட்டுப்போனவர்களுக்காக இன்னொருவர் மெமரி கார்டைச் சொருகுகிற மாதிரி சின்ன போர்டு ஒன்றைச் செய்வார். இப்போதைய மானிட்டரில் படம் வர, ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வைத்து ஓர் இணைப்பு செய்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் எமுலேட்டரும் இவர்கள் கைவேலைதான். யாரோ ஒருவர் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அதன் அடிப்படை மென்பொருள் பதிந்த ரோம் சிப்பைப் படியெடுக்க முடிந்தது. எமுலேட்டர் சரியாக நடந்துகொள்கிறதா என்று சந்தேகம் வந்தால் இன்றைக்கும் அசல் பெட்டியில் ஓட்டித்தான் ஒப்பிடுகிறார்கள்.

சேகரிப்பில் இன்னொரு வகை உண்டு. 2014இல் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினியான ஆப்பிள்-1 போர்டு ஒன்று 9,05,000 டாலருக்கு ஏலம் போனது. அது வேறு விளையாட்டு, எனக்குத் தெரியாது. மஞ்சளித்த பிளாஸ்டிக்கை வெளுப்பாக்குவதிலும் எனக்கு ஆர்வமில்லை. முடிக்குச் சாயம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் பெராக்சைடு கிரீமைத் தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் சில வருஷத்தில் மஞ்சள் திரும்பி வந்துவிடுவதும் உண்டு. முப்பத்தைந்து வயது தாண்டிய பெட்டி அந்த வயதோடு இருந்துவிட்டுப் போகட்டுமே.

அருங்காட்சியகங்கள் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். சில பார்த்துக்கொள்கின்றன. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் கணினி அருங்காட்சியகத்தில், 1951ஆம் வருஷத்து ஹார்வெல் டெகட்ரான் கணினியை 2012இல் மறுபடி ஓடவைத்தார்கள், இரண்டரை டன் எடை. அதே சமயம், மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் சியாட்டிலில் ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தார். அங்கே பழைய கணினிகளைத் தொட்டு ஓட்டிப் பார்க்கலாம். 2018இல் அவர் இறந்தார். 2020இல் கொரோனாவுக்கு மூடிய கதவு பிறகு திறக்கவே இல்லை. 2024இல் பொருள்களை ஏலம் விட்டார்கள். காசு இருந்தவர் வீட்டுப் பரணுக்கே அந்தக் கதி.

பிபிசி மைக்ரோ குடும்பத்திலேயே ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. இங்கிலாந்து மன்னர் 1086இல் எடுத்த நிலக் கணக்கெடுப்பான டோம்ஸ்டே நூலின் 900ஆவது ஆண்டுக்காக, 1986இல் நாட்டு மக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியும் படம் எடுத்தும் கொடுத்ததை லேசர் வட்டுகளில் பதிந்தார்கள். அதைப் படிக்க பிபிசி மாஸ்டர் கணினியும் தனி பிளேயரும் வேண்டும். பதினைந்து வருஷத்துக்குள் அந்த பிளேயர்கள் அருகிப்போய், வட்டில் இருப்பதை எப்படி மீட்பது என்று ஆராய்ச்சிக் குழு போட வேண்டியதாயிற்று. 1086இல் தோலில் எழுதியதை இன்றைக்கும் விரித்துப் படிக்கலாம்.

நம் மொழிக்கு இதில் கூடுதலாக ஒரு தலைவலி. நண்பர் ஒருவர் தன் அப்பா தொண்ணூறுகளில் நடத்திய சிற்றிதழின் ஃபிளாப்பிகளைக் கொண்டுவந்தார். கோப்பு முழுசாகப் படிக்கக் கிடைத்தது. திறந்தால் ஒரு வார்த்தை புரியவில்லை. யூனிகோடு வருவதற்கு முன் எழுத்துருவுக்கு எழுத்துரு ஒரு குறியேற்றம், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்ற கணக்கு. இணையத்தில் டிஸ்கி, ஈழத்தவர்களிடம் பாமினி, 1999க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசின் டேப், டேம். இவர் அப்பா பயன்படுத்தியது இவை எதிலும் சேரவில்லை. அவர் வீட்டில் தூக்கிப்போடாமல் கிடந்த கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில்தான் அந்த எழுத்துரு அகப்பட்டது.

சரி, காயலாங்கடை டப்பாவுக்கு வருகிறேன். அதில் இருபத்திரண்டு ஃபிளாப்பிகள், பாதிக்கு மேல் பூஞ்சணம். பூஞ்சணத்தோடு டிரைவில் போட்டால் வட்டும் கீறிப்போகும், டிரைவின் ஹெட்டும் அடைத்துக்கொள்ளும். உறையின் ஓரத்தைப் பிளந்து, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டை உருவி, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, வேறு உறையில் போட்டு, கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு மூலமாக காந்தப் பதிவை அப்படியே கம்ப்யூட்டருக்குள் படியெடுக்க வேண்டும். பதினேழு தேறின. பெரும்பாலும் திட்டத்தோடு கொடுத்த பாட மென்பொருள்கள், ஏற்கெனவே எல்லோரிடமும் இருப்பவை. ஒன்றில் மட்டும் லேபிள் இல்லை. பட்டியலைக் கேட்டால் எட்டு கோப்புகள் வந்தன: பெருக்கல் வாய்பாடு ஒன்று, மார்க் கூட்டுகிற புரோகிராம் ஒன்று, ஆங்கில எழுத்தில் 'கோலம்2' என்று ஒன்று.

ஓட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் நேர்ப்புள்ளியாக ஏழுக்கு ஏழு விழுந்தன. பிறகு மஞ்சள் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து வளைந்து போனது, நிதானமாக, யாரோ கை வைத்து இழுப்பது போல. நாலில் மூன்று பங்கு போட்டதும் நின்றது. கீழே அந்தக் காலத்து பேசிக் மொழியின் வழக்கமான செய்தி: 'மிஸ்ஸிங் ) அட் லைன் 240'. எந்த ஊர்ப் பள்ளி, எந்தப் பிள்ளை என்று உள்ளே எதுவும் இல்லை. அந்த வரியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. மணி அடித்திருக்கும்.

அடைப்புக்குறியைப் போட்டால் கோலம் முடிந்துவிடும், ஒரு நொடி வேலை. என்னிடம் இருக்கும் படியில் நான் இன்னும் அதைப் போடவில்லை.