மண்டபம் பிடித்தாயிற்று, முப்பது நாள் எங்கே?

கேள்வி: என் மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். அவள் விரும்பும் பையன் இங்கிலாந்துக்காரர், கிறிஸ்தவர். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். தை மாதம் மண்டபம் பிடித்துவிட்டோம். மாப்பிள்ளைக்கு அப்போது இரண்டு வாரம்தான் விடுப்பு. திருமணம் முடிந்ததும் மகள் அங்கேயே குடியேறுகிறாள். ஒரு ஏஜென்ட், "ஐந்து நாளில் திருமணப் பதிவு, அப்போஸ்டில், போலீஸ் சான்று, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், ஆங்கிலத் தேர்வு, விசா, எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய்" என்கிறார். பாதி முன்பணமாம். கொடுக்கலாமா?
ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஏஜென்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். அலைய நேரமில்லாதவர்கள் ஆள் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இவர் தந்த பட்டியலில் ஒன்று நடக்காது, மூன்று தேவையே இல்லை.

நடக்காதது அந்த ஐந்து நாள் பதிவு. இந்து திருமணச் சட்டத்தில் பதிய வேண்டுமானால் மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு உரியது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மணமக்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதைப் பலகையில் ஒட்டி, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் திருமணம். இந்த 30 நாளைக் குறைக்க எந்த ஏஜென்டாலும் முடியாது. "அஞ்சு நாள்ல முடிச்சிடலாம் சார்" என்பவர்கள் சில சமயம் மாப்பிள்ளை மதம் மாறிவிட்டதாக ஒரு தாள் தயார் செய்து, இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிடப் பார்ப்பார்கள். திருமணம் செல்லுமா என்று நாளைக்கு ஒரு கேள்வி வந்தால், பதில் சொல்லப்போவது ஏஜென்ட் அல்ல, உங்கள் மகள்.

"மண்டபத்தில் தாலி கட்டட்டும், அப்புறம் பதிந்துகொள்ளலாம்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஏற்கெனவே நடந்த திருமணத்தை இதே சட்டத்தில் பதிய வழி இருக்கிறது. ஆனால் அதற்கு மணமக்கள் இருவருமே அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அதற்கு மேல் 30 நாள் அறிவிப்புக் காலமும் உண்டு. இரண்டு வார விடுப்பில் இது ஆகிற காரியமா? அறிவிப்புக் கொடுத்து முறையாகப் போகும் வழியில் யாராவது ஒருவர் 30 நாள் அங்கே வசித்திருந்தால் போதும். உங்கள் மகள் கோவையிலேயே இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

ஆகவே மாப்பிள்ளை இரண்டு முறை வரட்டும். கார்த்திகையில் நாலைந்து நாள் வந்து, மகளோடு சேர்ந்து அறிவிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பட்டும். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் திருமணம் நடந்துவிட வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. கார்த்திகை பாதியில் கொடுத்தால் தை முகூர்த்தம் கச்சிதமாக உள்ளே வந்துவிடும். ஒரு விமான டிக்கெட் கூடுதல் செலவுதான். ஆனாலும் 1,85,000 ரூபாயைவிடக் குறைவு. திருமணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டினால் பதிவு அலுவலர் அலுவலகத்துக்கு வெளியே வந்து திருமணத்தை நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. மண்டபத்துக்கே வருவாரா என்று இப்போதே கேட்டுவையுங்கள். கூடவே, மாப்பிள்ளைக்கு அங்கே வேறு திருமணம் இல்லை என்பதற்கு எந்தத் தாள் கேட்பார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள். அவர் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் திருமணத் தடையில்லாச் சான்று வாங்குவதற்கே அங்கும் 28 நாள் அறிவிப்புக் காலம் இருக்கிறது. கார்த்திகைக்கு அது கைக்கு வர வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

இனி தேவையில்லாதவை. பிரிட்டனுக்கு வாழ்க்கைத்துணை விசா கேட்கும்போது இந்தியத் திருமணச் சான்றுக்கு அப்போஸ்டில், அதாவது ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குக் காட்ட வெளியுறவு அமைச்சகம் வைக்கும் முத்திரை, கேட்பதில்லை. வேறு காரியத்துக்கு வேண்டும் என்றாலும் வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். மீதியெல்லாம் மாநில அரசின் சான்றொப்பத்துக்கும் அலைச்சலுக்கும் கூலி. போலீஸ் சான்றையும் இந்த விசாவுக்குக் கேட்பதில்லை. பாஸ்போர்ட் சேவா மூலம் நீங்களே வாங்கினால் 500 ரூபாயில் கிடைப்பது அது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏற்றுவதும் கட்டாயமில்லை. சொல்லப்போனால், எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயர் இருக்கும்போது நடுவில் ஒன்றை மட்டும் மாற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஆங்கிலத் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. கல்லூரிகளுக்காக எழுதும் வழக்கமான ஐஇஎல்டிஎஸ் இங்கே செல்லாது. பிரிட்டிஷ் விசாவுக்கென்று அங்கீகரித்த தேர்வை, அங்கீகரித்த மையத்தில் எழுத வேண்டும். தேவையான நிலை ஏ1, அதாவது ஆரம்ப நிலை. பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். மகள் ஆங்கில வழியில் பட்டம் படித்தவரா? அப்படியானால் எக்டிஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பிடம் அந்தப் பட்டத்துக்கு ஒப்புதல் வாங்கித் தேர்வையே தவிர்த்துவிடலாம். ஏஜென்ட் இதைச் சொன்னாரா?

காசு உண்மையில் போகும் இடம் வேறு. விசாக் கட்டணம் ஏறக்குறைய 2,000 பவுண்ட். ஏப்ரல் மாதத்தில் ஏறுவது வழக்கம். விசா 33 மாதத்துக்கு. அந்தக் காலத்துக்கு அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணமாக 3,105 பவுண்ட் முன்கூட்டியே கட்ட வேண்டும். இவற்றில் யாரும் தள்ளுபடி வாங்கித் தர முடியாது. காசநோய்ப் பரிசோதனை, அங்கீகரித்த மருத்துவமனையில் மட்டும். சான்று 6 மாதம்தான் செல்லும் என்பதால் இப்போதே எடுத்து வைக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், மாப்பிள்ளையின் வருமானம். 2024 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 29,000 பவுண்ட் காட்ட வேண்டும். ஒரே வேலையில் இருப்பவர் என்றால் 6 மாதச் சம்பளச் சீட்டும் அதற்கு ஒத்துப்போகும் வங்கிக் கணக்கும். மகள் இங்கே வாங்கும் சம்பளம் கணக்கில் சேராது. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்ட் 6 மாதமாக அவர்கள் கையில் இருக்க வேண்டும். அப்பாவின் வைப்புத்தொகைச் சீட்டு உதவாது. மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் இதைக் கேட்டுவிடுங்கள். சங்கடமான கேள்விதான். ஆனாலும் இந்த விசா நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இதில்தான்.

கேள்வி: லண்டனில் இருக்கும் கணவரிடம் போக ஒரு ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தேன். "விசா நிச்சயம், இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். விசா மறுக்கப்பட்டது. சேவைக் கட்டணம் 60,000 ரூபாயைத் திருப்பித் தர மறுக்கிறார்.
வாசகி, திருச்சி

பதில்: முதலில் மறுப்புக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தால், வெளிநாட்டிலிருந்து செய்பவருக்கு 28 நாள்தான் அவகாசம். பணச் சண்டையில் அதைத் தவற விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, ஏஜென்ட் வாய் திறக்காத இன்னொரு பணம். விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணம் போனது போனதுதான். ஆனால் விண்ணப்பத்தோடு முன்கூட்டியே கட்டிய அரசு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் முழுவதும் திரும்பி வரும். எங்கே வரும்? எந்த அட்டையில் கட்டினீர்களோ அதற்கே. ஏஜென்ட் தன் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொகை அவர் கணக்குக்கே போய்ச் சேரும். கட்டிய ரசீதை வாங்கிப் பாருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் அவர் உருவாக்கியது என்றால் கடவுச்சொல்லை உடனே கேளுங்கள்.

60,000 ரூபாய்க்கு, "வாபஸ்" என்ற அந்த வாட்ஸ்அப் செய்தியே உங்கள் ஆயுதம். அழித்துவிடாதீர்கள், படமெடுத்து வையுங்கள். 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதியலாம். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

"நான் மத்திய அரசு உரிமம் பெற்றவன்" என்று சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டினால் மயங்காதீர்கள். 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி தரும் உரிமம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதற்கானது. குடும்ப விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: மகளுக்குக் கனடாவில் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளை பேசியிருக்கிறோம். அவருக்கு லீவு கிடைக்காதாம். ஸூமில் அவர் இருக்க, இங்கே அவருடைய தமையன் நின்று கலியாண எழுத்தை (திருமணப் பதிவை) முடித்துவிடலாம், ஸ்பான்சருக்குப் போதும் என்கிறார் தரகர். சரியா?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சரியல்ல. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது, தொலைபேசி, இணையம் வழியாக நடப்பது, இப்படிப்பட்ட திருமணங்களைக் கனடா 2015 ஜூனிலிருந்து குடிவரவுக்கு ஏற்பதில்லை. மாப்பிள்ளை நேரில் வந்தே ஆக வேண்டும், அல்லது இருவரும் வேறொரு நாட்டில் சந்தித்து அங்கே சட்டப்படி முடிக்கலாம்.

மற்றபடி கனடாவின் வழி சற்று இலகுவானது. மனைவிக்கு மொழித் தேர்வு இல்லை, பொதுவாகக் குறைந்தபட்ச வருமானமும் கேட்பதில்லை. போலீஸ் சான்றும், அவர்கள் நியமித்த மருத்துவரின் பரிசோதனையும் உண்டு. ஸ்பான்சர் செய்பவர் 3 ஆண்டுக்குப் பொறுப்பு ஏற்கிறார், நடுவில் பிரிந்தாலும் அது விலகாது என்பதை மாப்பிள்ளை வீட்டாரும் தெரிந்துகொள்ளட்டும்.

படிவங்கள் எல்லாம் இலவசம். காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தைக் கையாள வழக்கறிஞருக்கும் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகருக்கும்தான் கனடா அனுமதி தருகிறது. ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. உங்கள் தரகர் ஆலோசகர் என்று சொன்னால் அதில் அவர் பெயரைத் தட்டிப் பாருங்கள்.