கேட் ஒட்டின கைக்கு வீ.ஆர். பயிற்சி எதுக்கு?

தம்பி, களுவாஞ்சிகுடியில் வருடக்கணக்காக இரும்புக் கேட்டும் கிறிலும் ஒட்டிப்போட்டு ரொரன்ரோவுக்கு வந்து வெல்டிங் படிக்கச் சேர்ந்தால், முதல் கிழமையே வீ.ஆர். (கணினி காட்டும் மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை மாட்டி நெருப்பே இல்லாமல் ஒட்டச் சொல்லுகிறார்கள், கட்டின காசு வீணா என்று கேட்டிருந்தீர்கள். வீண் இல்லை. விட்டுவிடாமல் போங்கள். நானும் ஆரையம்பதியில் பட்டறையில் வேலை பழகி வந்தவன்தான். இப்போது இங்கே இரும்புத் தூணும் உத்தரமும் செய்கிற இடத்தில், வேலை கேட்டு வருகிறவர்களை ஒட்டவிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு.

ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில். எங்கட பட்டறைகளில் பொக்ஸ் பார், பிளாட் பார்தான். 6013 என்ற வெல்டிங் ராட்டால் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் ஒட்டி, கிரைண்டர் பிடித்து, பெயின்ற் அடித்தால் வேலை முடிந்தது. இங்கே சோதனையில் 10 மில்லிமீற்றர் அளவில் தடித்த தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, 7018 என்ற இன்னொரு வகை ராட்டால் கீழிருந்து மேலே சீராக ஏற்ற வேண்டும். பிறகு அதிலிருந்து துண்டு வெட்டி வளைப்பார்கள். உள்ளே கசடு சிக்கியிருந்தால் வளைக்கிற இடத்தில் வாய் பிளக்கும். மேலே அழகாகத் தெரிந்ததை அங்கே யாரும் கணக்கெடுக்கமாட்டார்கள்.

ஹெட்செட் மாட்டிப் பழகுகிற அந்த இயந்திரம், அதாவது சிமுலேட்டர், உதவுவது இதற்குத்தான். லிங்கன் எலெக்ட்ரிக்கின் வீஆர்டெக்ஸ் போன்ற இயந்திரத்தில், கையில் பிடிக்கிற போலி ராட், எரிந்து குறைவதுபோலத் தானாகவே பிடிக்குள் போகும். நீங்களும் கையை நெருக்கிக்கொண்டே போகவேண்டும். ஒட்டி முடித்ததும் ராட் பிடித்த கோணம், கை நகர்ந்த வேகம், நுனிக்கும் தட்டுக்கும் இருந்த இடைவெளி எல்லாம் தனித்தனிக் கோடாகத் திரையில் வரும். துண்டு துண்டாக ஒட்டிப் பழகின கையின் வேகக்கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைக் கவனமாகப் பாருங்கள். ஆசிரியரின் வேகமான ஆங்கிலம் பிடிபடாவிட்டாலும் கோடு பிடிபடும். தட்டும் ராட்டும் செலவில்லை என்பதால் எத்தனை தரமும் திரும்ப ஒட்டலாம்.

ஆனால் சூடு, புகை, கையுறைக்குள் தெறிக்கிற பொறி, கேபிளின் பாரம், தலைக்கு மேலே ஒட்டும்போது தோள் விட்டுப்போவது இதெல்லாம் அதில் வராது. அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆய்வொன்று 2011இல் வந்தது. பாதி நேரம் வீ.ஆரிலும் பாதி நேரம் உண்மையான வெல்டிங்கிலும் பழகினவர்கள், முழுக்கப் பழைய முறையில் பழகினவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அந்தப் பாதிக்குப் பாதி முக்கியம். ஆகவே உங்கள் ஆசிரியரிடம் நேரே கேளுங்கள்: கிழமைக்கு எத்தனை மணி நேரம் வெல்டிங் பூத்தில் நின்று உண்மையாக ஒட்ட விடுவீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வகுப்பை மாற்றலாமா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, சிமுலேட்டரில் எடுத்த புள்ளியை வேலை தருகிறவர்கள் பார்க்கமாட்டார்கள். ஒன்ராறியோவில் வெல்டராக வேலை செய்யக் கட்டாய உரிமம் இல்லை என்றாலும், கட்டட இரும்பு வேலைக்குக் கனடிய வெல்டிங் பணியகத்தின் (சீ.டபிள்யூ.பி.) சோதனை தேறியிருக்க வேண்டும். அதையும் இரண்டு வருடத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். சோதனைக்குத் திகதி போடுவதற்கு முதல், கடைசியாக ஒட்டின செங்குத்து ஒட்டின் கோடுகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், இரண்டு பேருமாக இருந்து பார்ப்போம்.